ஐம்பதில் காதல் வந்தால் கிராமத்தில் யார் தடுப்பார்கள்?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். களம், அந்தியூர்ப் பக்கம் ஒரு கிராமம். நாயகிக்கு 49 வயது, கணவர் இறந்து பல வருடமாகிறது, ஊர் பால் சொசைட்டியில் வேலை. நாயகனுக்கு 54, மனைவியை இழந்தவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர். இருவருக்கும் கல்யாணமான பிள்ளைகள். மூன்று அத்தியாயத்தில் இருவருக்கும் பிடித்துப் போயிற்று, அதற்கு மேல் கதை நகரவில்லை. படித்த நண்பர்கள் ‘கிராமத்தில் இதெல்லாம் நடக்காது’ என்கிறார்களாம். “நம்பும்படி இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார். எனக்கென்னவோ அவர் கேட்க வந்தது வேறு என்று படுகிறது. இந்த வயதில் இரண்டு பேர் சேர நினைத்தால் அவர்களைத் தடுப்பது எது? அது தெரியாததால்தான் நான்காம் அத்தியாயம் நிற்கிறது.

நான் எழுத்தாளர் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் சிவில் வழக்குகள் பார்க்கும் வக்கீல். பாகப்பிரிவினை, உயில், குடும்ப வழக்கு என்றே காலம் போயிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நடக்கிறது. ஆனால் ‘காதல்’ என்ற பெயரில் என் மேஜைக்கு வருவதில்லை. ஒரு ஆள் வந்து பட்டா மாறுதல் பற்றிப் பேசுவார், வாய்க்கால் தகராறு பற்றிப் பேசுவார், செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கப் போகும்போது திரும்பி, “ஒரு பொதுவான சந்தேகமுங்க, என்ர சிநேகிதர் ஒருத்தருக்கு” என்று ஆரம்பிப்பார். சிநேகிதருக்கு என்ன வயது என்று கேட்டால், சட்டைப் பையிலிருக்கும் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “என் வயசுதானுங்க இருக்கும்” என்பார். பெண்கள் இன்னும் நேராகக் கேட்பார்கள். “மறுபடி கட்டிக்கிட்டா அந்த ரெண்டு ஏக்கரா என்னாகும்?” முதல் கேள்வியே அதுதான்.

இளம் வயதுக் காதலில் தடை பெற்றோர். இந்த வயதில் தடை பிள்ளைகள். வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் பேசிய வசனங்களை எல்லாம் இப்போது பிள்ளைகள் பேசுவார்கள். “ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியுமா?”, “எங்களை நெனச்சுப் பாத்தியா?”, “அந்தாள் எப்படிப்பட்டவன்னு விசாரிச்சியா?” பத்து வருடத்துக்கு முன்னால் இதே மகன் காதலித்தபோது அப்பா சொன்ன வார்த்தைகளாக அவை இருந்தால் உங்களுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமே வராது. மருமகளுக்கு வேறு வசனம்: “மாமாவுக்கு என்ன கொறைங்க? வேளைக்குச் சோறு வெக்கறோம், துணி தொவைக்கறோம்.” உண்மையிலேயே குறை வைத்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இருக்காது. அதை அந்த மனுஷரால் குறை என்று சொல்லவும் முடியாது.

பிள்ளைகளைப் பேராசைக்காரர்களாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் பயத்துக்குச் சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. புது மனைவியும் மனைவிதான். மகன் ஒருவன், மகள் ஒருத்தி, பாட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்தது நேற்றுவரை இரண்டு பங்கு, தாலி கட்டிய மறுநாள் மூன்று பங்கு. நாயகி பக்கமும் இதே கணக்குத்தான்: அவர் உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகளோடு புதுக் கணவருக்கும் பங்கு உண்டு. மகன் அழுவது மானத்துக்காகவா மூன்றாவது பங்குக்காகவா என்று அவனுக்கே தெரியாமல் இருப்பதுதான் இதில் சுவை. இரண்டும் இருக்கும்.

அடுத்தது கொழுந்தன். ‘மறுமணம் செய்தால் செத்துப்போன புருஷன் சொத்து போய்விடும்’ என்று ஊரில் எல்லாரும் நம்புவார்கள், சில பத்திரம் எழுதுகிறவர்கள் உட்பட. இந்த நம்பிக்கை எங்கிருந்தோ முளைத்ததல்ல. விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் வருடச் சட்டமே, மறுமணம் செய்தால் முதல் கணவன் வழிச் சொத்தில் உரிமை போகும் என்று சொன்னது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய சட்டம். 1956-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கணவர் இறந்த நாளில் அந்தப் பங்கு மனைவிக்கு முழு உரிமையாகச் சேர்ந்துவிடுகிறது. பிறகு அவர் யாரைக் கட்டிக்கொண்டாலும் பறிபோகாது. உச்ச நீதிமன்றம் 2008-லும் இதை உறுதி செய்திருக்கிறது. செத்துப்போன மகனின் மனைவி போன்ற சிலருக்கு மட்டும் 1956 சட்டத்தில் ஒரு தடை மிச்சமிருந்தது; 2005 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, உங்கள் கதையில் கொழுந்தன் இந்தக் கல்யாணத்தைத் தடுக்கலாம், அல்லது அந்த நிலம் தனக்கு வரும் என்று நம்பி விழுந்து விழுந்து நடத்தி வைக்கலாம்! இரண்டாவதைத்தான் நான் எழுதுவேன். பந்தலுக்குக் காசு கொடுத்து, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, கடைசியில் வக்கீலிடம் வந்து உட்காரும் ஒரு கொழுந்தன்.

பென்ஷனும் ஒரு தடை, அதில் கொஞ்சம் ஜாக்கிரதை. நாயகியின் முதல் கணவர் அரசு ஊழியராக இருந்து அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது என்று எழுதியிருந்தால், மறுமணத்தோடு அது பொதுவாக நின்றுபோகும். மத்திய அரசில் குழந்தை இல்லாத விதவைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் நாயகிக்கு மகள் இருக்கிறாள், அதனால் பொருந்தாது. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் ஒன்று உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பப் பேனா இல்லாமல் நாயகனிடமே நாயகி பேனா கேட்கும் இடம் உங்கள் கதையில் வரட்டும். ‘கல்யாணம் வேண்டாம், பென்ஷன் நின்றுபோகும், சும்மா இப்படியே இருந்துவிடலாம்’ என்று இந்த வயதில் முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் சொந்தமாகக் கையில் வரும் பணத்தை விட்டுவிட்டு ஒருவரை நம்பிப் போவது 49 வயதில் சின்ன விஷயமா?

சரி, சொத்தும் பென்ஷனும் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் எழுதியதில் எனக்குக் குறையாகத் தெரிந்தது முறை. உங்கள் சுருக்கத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதே இல்லை. கிராமத்தில் யாரும் வெறும் ஆளாக இருப்பதில்லை. கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு பெண்ணுக்கு எல்லா ஆண்களும் கணவன் வழியில் ஏதாவது உறவு. கணவனுக்குப் பங்காளி என்றால் கொழுந்தன் அல்லது மூத்தார். கணவனுக்கு மாமன், மச்சான் முறை என்றால் இவளுக்கு அப்பா, அண்ணன் முறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டிக்கொள்ள முடியாது! பால் சொசைட்டி வரிசையில் இருபது வருடமாக “வாங்கண்ணா, எத்தனை லிட்டருங்க” என்று கேட்டிருந்தால், அந்த ‘அண்ணா’ ஒன்றே போதும் ஊர் வாய்க்கு. கொங்கு வெள்ளாளர் குடும்பங்கள் என்றால் கூட்டம், அதாவது குலப் பிரிவு, பார்ப்பார்கள். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை, பேச்சே கிடையாது. மற்ற பல சாதிகளிலும் ஒரே குலதெய்வம் கும்பிட்டால் பங்காளி என்று அதே தடைதான்.

இதை உடைக்கவும் ஊரிலேயே வழி உண்டு. அதற்கு ஒரு கிழவி வேண்டும். எல்லா ஊரிலும் நாலு தலைமுறைக் கல்யாணங்களை விரல் நுனியில் வைத்திருக்கும் அப்பத்தா ஒருத்தி இருப்பாள். புருஷன் வழியில் அண்ணன் முறை, வாஸ்தவம்தான். “உங்கம்மா பொறந்த ஊரு வழியில பாத்தா அவன் உனக்கு மாமன் மகன் ஆகோணும் கண்ணு, உங்கம்மாவைப் பெத்த அப்புச்சியும் அவங்கப்பனைப் பெத்த அப்பாரும் கூடப் பொறந்தவங்க” என்று அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு வழி உறவு இருக்கும், எந்த வழியைச் சொல்வது என்பது சொல்கிறவர் விருப்பம். கோர்ட்டில் நான் பார்த்த எந்த வாதத்துக்கும் குறையாத வாதம் இது. அதற்குப் பிறகு நாயகி அவரை எப்படிக் கூப்பிடுவார்? ‘அண்ணா’ போய்விட்டது, ‘மாமா’ வாயில் வராது, பெயர் சொல்லவே முடியாது. “ஏனுங்க” என்று பொதுவாக ஆரம்பிப்பார். பால் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் எல்லார் எதிரிலும், ஒரு நாள் காலையில் அந்த மாற்றம் நடக்க வேண்டும். பின்னால் நிற்கிற மூன்று பேர் அதைக் கவனித்துவிட வேண்டும். உங்கள் நாவலின் முதல் காதல் காட்சி அதுதான், ஏற்கெனவே நீங்கள் எழுதிய மழைக் காட்சி இல்லை.

பால் சொசைட்டியை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். அங்கே பாலுக்கு விலை அளவை மட்டும் வைத்து இல்லை. கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் இரண்டும் பார்த்துத்தான். நாயகன் முதல் நாள் கொண்டுவரும் பாலில் டிகிரி (பால்மானி காட்டும் அடர்த்தி) குறைகிறது, தண்ணீர் சேர்த்திருக்கிறார் என்று நாயகி நோட்டில் எழுதுகிறார். திருப்பூரிலிருந்து வந்த ஆளுக்கு மாடு பற்றி ஒன்றும் தெரியாது, தண்ணீர் கலந்தது அவர் இல்லை, பால் கறக்க வந்த பையன். அந்தச் சண்டையிலிருந்து இருவரும் ஆரம்பிக்கலாம். அப்புறம் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதனால் நாயகிக்குப் பூஜ்ய ரூபாய்ச் சீட்டு. இந்தக் காதலில் அவருக்காக டிக்கெட் எடுக்கும் பழைய சினிமாக் காட்சிக்கே வழியில்லை. கண்டக்டருக்கு யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று தெரியும், அது போதாதா? மஞ்சள் வெட்டி வேகவைக்கும் தை மாசி, ஆடியில் குருநாதசாமி கோயில் தேர், அதோடு கூடும் குதிரைச் சந்தை என்று உங்கள் பகுதிக்கே ஒரு காலண்டர் இருக்கிறது. கூட்டத்தில் தனியாக இருக்க முடிகிற இடம் அந்தச் சந்தைதான். குதிரை வாங்கும் உத்தேசமே இல்லாத ஐம்பது வயது ஆள் ஒருவர், பேச்சை வளர்க்க வேண்டும் என்பதற்காக ஒரு குதிரையின் பல்லைப் பார்த்து விலை கேட்டு, வியாபாரி சம்மதித்துவிட்டால் என்ன செய்வார்?

கல்யாணக் காட்சிக்கு வருகிறேன், அதில் நாவல்களும் சினிமாக்களும் அடிக்கடி தப்பு செய்கின்றன. ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருப்பது 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான். இருவரும் இந்துக்கள் என்றால் அந்த வழிக்குப் போகவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய திருத்தம். உறவினர், நண்பர் யாராவது முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். புரோகிதர் வேண்டாம், ஊர் கூட வேண்டாம். ஊரறிய நடக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. 2009-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இருவரும் முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நாயகியின் கணவர் ‘இறந்துவிட்டார்’ என்பது உறுதிதானே? காணாமல் போய் பல வருடமாகிறது என்று பின்னால் திருப்பம் வைக்க நினைத்தால் கவனம். ஏழு வருடம் தகவலே இல்லாத கணவரைச் சட்டம் இறந்தவராக அனுமானிக்கும், அதைக் காரணம் காட்டி விவாகரத்தும் கேட்கலாம். ஆனால் கோர்ட் தீர்ப்பு வாங்காமல் கல்யாணம் செய்து, அவர் உயிரோடு வந்து நின்றால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அது வேறு மாதிரி நாவல்.

ஒருவேளை நாயகன் கிறிஸ்தவர் என்று மாற்றினால் அந்த 30 நாள் நோட்டீஸ் உங்களுக்குக் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலக நோட்டீஸ் பலகையில் பேர், வயது, விலாசத்தோடு ஒட்டியிருக்கும். பத்திரம் பதிய வந்து டோக்கனுக்குக் காத்திருக்கிறவர்கள் பொழுது போகாமல் அதைத்தான் படிப்பார்கள், எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் படிப்பார். ஆட்சேபணை தர யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் காரணங்கள் சட்டத்தில் சொன்னவை மட்டும்: உயிரோடு வேறு துணை, குறைந்த வயது, மனநிலை, தடை செய்த நெருங்கிய உறவு. ‘இந்த வயசுல எதுக்கு’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மாமா ஒருத்தர் அந்த ஒரே காரணத்தை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்கலாம்.

இருவரும் வேறு வேறு சாதி என்றால் நான் மேலே சொன்ன பாதி செல்லாது. வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கள் பகுதியில் சாதி கடந்த கல்யாணத்துக்குப் பின்னால் ரத்தம் சிந்திய வரலாறு இருக்கிறது; பாதுகாப்பு கேட்டு வருகிற தம்பதிகளைக் காவல்துறை எப்படிக் காக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் விதிமுறை போட வேண்டிய அளவுக்கு நாடு முழுக்க நிலைமை இருந்தது. இதைத் தொட்டால் முழுசாகத் தொடுங்கள். தொடவில்லை என்றால் இருவரும் ஒரே சாதி என்பதை மறைக்காமல் கதைக்குள் சொல்லிவிடுங்கள். சாதியே இல்லாத ஒரு கிராமத்தைக் காட்டி அதில் சிரிப்பு வரவழைத்தால், கிராமத்தில் இருக்கிற வாசகர் நாலாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

சட்டம் பற்றி மேலே சொன்னது இந்துக் குடும்பங்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது, அதில் உறுதியாக நிற்பேன். பூர்வீகச் சொத்து என்று வந்துவிட்டால் கணக்கு மாறும். கதை பற்றிச் சொன்னதெல்லாம் என் கணிப்பு, அதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னொன்று, வக்கீலிடம் வருவது சண்டை மட்டும்தான். பிள்ளைகளே முன்னின்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ துணை தேடிக் கோயிலில் மாலை மாற்றி முடித்த வீடுகள் என் ஆபீசுக்கு வர மாட்டா, அதனால் என் பார்வை கொஞ்சம் சண்டைப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். உங்கள் நண்பர்கள் ‘நடக்காது’ என்று சொன்னதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். சத்தம் வந்த வீடுகள்தான் வெளியே தெரியும். தமிழில் இது புதிது என்பதும் சரியில்லை. தொல்காப்பியம் ‘இளமை தீர் திறம்’ என்று இதைக் குறித்து வைத்திருக்கிறது. என்ன, ஐந்திணையில் சேர்க்காமல் பெருந்திணை, அதாவது பொருந்தாக் காதல், என்று ஒதுக்கி, மடலேறுகிறவர்களோடு உட்கார வைத்துவிட்டது. கலித்தொகையின் 94-ஆம் பாட்டில் கூனும் குள்ளமுமான இரண்டு பணியாட்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே காதலிப்பார்கள். தலைவன் தலைவியாக இருக்கத் தகுதியில்லை என்று தள்ளிவிட்ட ஆட்களிடம்தான் அப்போதும் சிரிப்பு இருந்தது.

உங்கள் முடிவுக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் மனம் மாறி அழுது கால் பிடிக்கும் காட்சி வேண்டாம், அவ்வளவு சுலபமாக மாற மாட்டார்கள். இருவரும் உயில் எழுதட்டும். அவரவர் சொத்து அவரவர் பிள்ளைகளுக்கு, ஆனால் நான் போன பிறகு நீ இருக்கும் காலம்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஆளுக்கொரு வரி. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி எழுதுகிறோம், சண்டை பெரும்பாலும் இதில் அடங்கும். அவர் ‘பின்கட்டு அறையும் கிணற்றுத் தண்ணீரும்’ என்று எழுதச் சொல்ல, நாயகி குறுக்கே பேசி, “மாட்டுக் கொட்டாயும் சேத்துங்க, மாட்டை எங்க கட்டறது?” என்று கேட்கலாம். மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பின்னால் வம்பு வராமலிருக்கப் பதிவு செய்வதே நல்லது. ஒரு சாட்சியாக அந்த அப்பத்தாவைப் போடலாம் என்று தோன்றும், போடாதீர்கள். உயில் எழுதியவர்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்து கோர்ட்டில் சாட்சி சொல்லக்கூடிய வயதில் ஆள் வேண்டும். பஸ் கண்டக்டர் சரியாக இருப்பார்.